275 அலாரங்களுக்குள் மறைந்த ஒன்று: மில்ஃபர்ட் ஹேவன் விபத்தும் கன்சோல்களில் அலாரத்தைப் பிரிக்கும் வேலையும்

1994 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை, பகல் 1:23 மணி. வேல்ஸின் தென்மேற்குப் பகுதியில், மில்ஃபர்ட் ஹேவனில் இருந்த டெக்ஸாக்கோ சுத்திகரிப்பு ஆலையில் சுமார் 20 டன் ஹைட்ரோகார்பன் வெளியேறி வெடித்தது. 26 பேர் காயமடைந்தார்கள். உயிரிழப்பு இல்லை. சேதத்தைச் சீரமைக்க 4.8 கோடி பவுண்டு ஆனது. பிரிட்டனின் மொத்தச் சுத்திகரிப்புத் திறனில் சுமார் பத்தில் ஒரு பங்கு பல வாரங்கள் முடங்கிப்போனது.

வெடிப்புக்கு முந்தைய 10.7 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் 275 அலாரங்களைப் பார்த்து, புரிந்து, அக்னாலெட்ஜ் செய்து (பார்த்துவிட்டேன் என்று பொத்தானை அழுத்தி), நடவடிக்கையும் எடுக்க வேண்டியிருந்தது. கணக்குப் போட்டால் 2.3 நொடிக்கு ஒரு அலாரம். ஆனால் உண்மையிலேயே முக்கியமான அலாரம் இந்த 275-க்கு முன்பே வந்துவிட்டது. உபரி வாயுவை எரித்துவிடும் ஃபிளேருக்கு முன்னால் திரவத்தைப் பிடிக்கும் தொட்டியான ஃபிளேர் நாக்-அவுட் டிரம்மில் திரவ மட்டம் உயர்ந்துவிட்டது என்று சொல்லும் அலாரம் அது. வெடிப்புக்கு ஏறத்தாழ 25 நிமிடம் முன்பிருந்தே அது ஒலித்துக்கொண்டிருந்தது. வந்தபோதும் பட்டியல் நிரம்பித்தான் இருந்தது. யாரும் அதைத் தனியாகக் கவனிக்கவில்லை.

கன்ட்ரோல் ரூம்களில் அலாரம் பிரச்சினையைப் பேசத் தொடங்கினால் முதல் கேள்வி பெரும்பாலும் ஃபில்டரைப் பற்றியே வருகிறது. எந்த ஸ்டேஷனில், அதாவது எந்த ஆபரேட்டரின் திரை மேசையில் (கன்சோலில்), எந்த ஏரியாவைக் காட்டுவது, எதை மறைப்பது, சூப்பர்வைசர் திரையில் எல்லாம் வரவேண்டுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான், ஆனால் வரிசையில் அவை கடைசியில் வரவேண்டியவை. ஓர் அலாரம் யாருக்கு உரியது, வந்தால் என்ன செய்ய வேண்டும், செய்ய எத்தனை நிமிடம் இருக்கிறது என்ற மூன்றும் முடிவாகாத இடத்தில் ஃபில்டர் போட்டால் அலார வெள்ளம் வேறு திரைக்குப் போகும், அவ்வளவுதான். அதை இந்த விபத்தைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

அன்று நடந்தது

காலையில் கடுமையான இடி மின்னல் புயல். மின்னல் தாக்கி, கச்சா எண்ணெயைப் பிரிக்கும் க்ரூட் டிஸ்டிலேஷன் யூனிட்டில் தீப்பிடித்தது. அந்த யூனிட்டை நிறுத்தியதும், அதிலிருந்து ஃபீட் வாங்கும் மற்ற யூனிட்டுகளும் தடுமாறின. முற்பகலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, கடைசியில் கனமான எண்ணெயை இலேசான பொருள்களாக உடைக்கும் எஃப்சிசியூ என்ற கேட்டலிடிக் கிராக்கிங் யூனிட்டை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெம்ப்ரோக் கிராக்கிங் கம்பெனி என்ற பெயரில் டெக்ஸாக்கோவும் கல்ஃபும் கூட்டாக நடத்திய யூனிட் அது.

தடுமாற்றத்தின்போது, பியூட்டேனைப் பிரிக்கும் கோபுரமான டிபியூட்டனைசரின் திரவ வெளியேற்ற வால்வு மூடிக்கொண்டது. ஓட்டம் திரும்பியபின் அது திறந்திருக்க வேண்டும். திரையிலும் திறந்திருப்பதாகவே காட்டியது. ஆனால் வால்வு மூடியே இருந்தது. உள்ளே திரவம் வந்துகொண்டே இருக்கிறது, வெளியே போக வழியில்லை. பாத்திரம் நிரம்பி அழுத்தம் ஏறியது. அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறக்கும் ரிலீஃப் வால்வுகள் திறந்து, ஹைட்ரோகார்பன் ஃபிளேர் லைனுக்குள் போனது. இது ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப நடந்தது. இடையில் வெட் கேஸ் கம்ப்ரஸரும் ட்ரிப் ஆனது, அதாவது தானாக நின்றது. அதை மீண்டும் ஓட்டியபின் இன்னொரு முறை ட்ரிப் ஆகி, ஃபிளேருக்குப் போகும் வாயுச் சுமையைப் பெரிதாக்கியது.

ஃபிளேர் நாக்-அவுட் டிரம்மின் வேலை, ஃபிளேருக்குப் போகும் வாயுவிலிருந்து திரவத்தைப் பிரித்துக் கீழே நிறுத்துவது. நின்ற திரவத்தை வெளியே இறைத்தாக வேண்டும். முன்பு அதிகக் கொள்ளளவில், கழிவு எண்ணெயைச் சேர்க்கும் ஸ்லாப்ஸ் டேங்குக்குத் தானாகவே இறைக்கும் ஏற்பாடு இருந்தது. பின்னர் ஒரு மாற்றத்தில், திரவத்தை வீணாக்காமல் ப்ராசஸுக்கே திருப்பி அனுப்பும், கொள்ளளவு குறைந்த வழியாக அதை மாற்றினார்கள். ஸ்லாப்ஸுக்கு அனுப்ப வேண்டுமானால் ஆள் போய்க் கையால் வழியை மாற்ற வேண்டும். இந்த மாற்றத்தின் விளைவுகளை முழுமையாக மதிப்பிடவில்லை என்பது பிரிட்டனின் உடல்நல-பாதுகாப்பு ஆணையமான ஹெச்எஸ்இ-யின் விசாரணை முடிவுகளில் ஒன்று.

டிரம் நிரம்பியது. வாயு போக வேண்டிய வெளிக்குழாயில் திரவம் பாய்ந்தது. அரிப்பால் மெலிந்திருந்த ஒரு வளைவில் குழாய் உடைந்தது. வெளியேறிய மேகம் சுமார் 110 மீட்டர் தள்ளி தீப்பற்றியது. மின்னலில் தொடங்கி இங்கே வந்து சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. எதிர்பாராமல் ஒரு கணத்தில் வந்து மோதிய விபத்து அல்ல இது. யூனிட்டை நிறுத்திவிடலாம் என்று முடிவெடுக்க மணிக்கணக்கில் நேரம் இருந்தது. அந்த முடிவுக்குத் தேவையான தகவலும் எங்கோ ஒரு திரையில், ஏதோ ஒரு வரியில் இருந்தது.

அலாரம் அமைப்பு எப்படி இருந்தது

அந்த அமைப்பில் 2040 அலாரங்கள் வரையறுக்கப்பட்டிருந்தன. அவற்றில் 87 சதவீதம் உயர் முன்னுரிமை என்று குறிக்கப்பட்டிருந்தன. அதாவது கிட்டத்தட்ட 1775 அலாரங்கள் 'மிக முக்கியம்'. ஆபரேட்டர் தன் கன்சோலில் உயர் முன்னுரிமையை மட்டும் காட்டும்படி ஃபில்டர் போட்டிருந்தாலும், சராசரியாகப் பார்த்தால் 275-இல் சுமார் 240 அப்படியே தங்கியிருக்கும். இந்தக் கணக்கை அலாரம் ஃபில்டர் வடிவமைக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை தங்கள் ஆலைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். முன்னுரிமை பொய்யாக இருந்தால் அதன்மேல் கட்டிய ஃபில்டர் எல்லாம் பொய்தான்.

இத்தனை உயர் முன்னுரிமை எப்படிச் சேர்கிறது? பழைய பேனல்களில் ஓர் அலாரம் வைக்க வேண்டுமானால் தனி வயர், தனி விளக்கு, அனன்சியேட்டரில் தனிக் கட்டம் வேண்டும். இடமும் செலவும் கேள்வி கேட்க வைத்தன. கணினிவழிக் கட்டுப்பாட்டு அமைப்பான டிசிஎஸ் வந்தபின் ஒவ்வொரு டேக்குக்கும் (கருவி அளவுக்கு வைத்த அடையாளப் பெயருக்கும்) ஹை, ஹை-ஹை, லோ, லோ-லோ, டீவியேஷன், ரேட் ஆஃப் சேஞ்ச், டிரான்ஸ்மிட்டர் பழுது என ஏழெட்டு அலாரம் கைவசம் கிடைக்கிறது. டிக் செய்தால் போதும். ஆபத்து ஆய்வுக் கூட்டத்தில் ஒரு சந்தேகம் வந்தால் 'ஓர் அலாரம் சேர்க்கவும்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது எளிது. முன்னுரிமை கேட்டால், பின்னால் யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்று உயர்ந்ததையே எழுதுகிறார்கள். ஒவ்வொரு முடிவும் தனியாகப் பார்த்தால் எச்சரிக்கையாகத்தான் தெரியும். எல்லாம் சேர்ந்த இடத்தில் நைட் ஷிப்டில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

இது 1994-இல் புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அல்ல. 1979 மார்ச் 28-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தில் முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட அலாரங்கள் ஒலித்தன. முக்கியமில்லாதவற்றை அடக்கிவைத்து முக்கியமானவற்றில் ஆபரேட்டர் கவனம் செலுத்த எந்த ஏற்பாடும் இல்லை என்று குடியரசுத் தலைவர் நியமித்த கெமனி ஆணையம் எழுதிவைத்தது. அதிலிருந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து மில்ஃபர்ட் ஹேவன்.

பத்து நிமிடம் என்ற அளவுகோல்

இந்த விபத்துக்குப் பிறகு ஹெச்எஸ்இ பல ஆலைகளின் அலாரம் அமைப்புகளை ஆராய வைத்தது. அதன் தொடர்ச்சியாக 1999-இல் இஇஎம்யூஏ என்ற தொழில்துறைப் பயனர் சங்கத்தின் 191-ஆம் எண் வழிகாட்டி வந்தது. பின்னர் 2009-இல் தானியக்கத் துறைச் சங்கமான ஐஎஸ்ஏ-யின் 18.2 தரநிலை, 2014-இல் சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐஇசி-யின் 62682. இன்று உலகெங்கும் பேசப்படும் எண்கள் பலவும் இந்த வரிசையில் வந்தவைதான். ஆலை சீராக ஓடும்போது ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரம் வரை இருந்தால் நல்லது. பெரிய தடுமாற்றத்துக்குப் பிந்தைய முதல் பத்து நிமிடத்தில் பத்துக்குள் வந்தால் சமாளிக்கலாம். 20-ஐத் தாண்டினால் திணறல். நூறைத் தாண்டினால் ஆபரேட்டர் அலாரம் பட்டியலையே கைவிட்டுவிடுவார்.

கைவிடுவது என்றால் என்ன? ஒலியை நிறுத்துவது, பக்கம் முழுவதையும் அக்னாலெட்ஜ் செய்வது, தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று டிரெண்டை (அளவு மாறுவதைக் காட்டும் கோட்டுப்படத்தை) மட்டும் பார்த்து ஓட்டுவது. இதை ஒழுங்கீனம் என்று எழுதும் விசாரணை அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒரு பக்கத்தில் 25 வரிகள் உள்ள பட்டியலை எடுத்துக்கொள்வோம். 2.3 நொடிக்கு ஒன்று வந்தால் ஒரு நிமிடத்துக்குள் பக்கம் முழுதும் மாறிவிடும். டேக் பெயரைப் படித்து, எந்தக் கருவி என்று நினைவுக்குக் கொண்டுவந்து, அதன் கிராஃபிக் பக்கத்தைத் திறப்பதற்குள் அடுத்த ஐந்தாறு அலாரம் வந்து நிற்கும். வேலை தெரிந்த ஆபரேட்டர் அந்த நிலையில் பட்டியலைப் படிப்பதை நிறுத்துவது இயல்பானது. ஃபிளேர் டிரம் அலாரம் அப்படி நிறுத்தப்பட்ட கவனத்தின் மறுபக்கத்தில் இருந்தது.

கன்சோல்களுக்கு இடையே

இரண்டு பேர் இருந்தார்களே, பாதிப் பாதியாகப் பிரித்திருக்கலாமே என்று தோன்றும். மில்ஃபர்ட் ஹேவனை விட்டுச் சற்று விலகி, பல ஸ்டேஷன் உள்ள எந்த டிசிஎஸ்-க்கும் பொருந்தும் விஷயம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 'ஃபில்டர்' என்ற ஒரே பெயரில் நாம் மூன்று வெவ்வேறு வேலைகளைப் பேசுகிறோம். மூன்றின் ஆபத்தும் வேறு வேறு.

முதலாவது, பார்வை ஃபில்டர். அலாரம் பட்டியலில் ஒரு ஏரியாவை அல்லது ஒரு முன்னுரிமையை மட்டும் காட்டச் சொல்வது. அலாரம் மறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. ஒரு ஸ்டேஷனில் காலை ஷிப்ட் ஆள் போட்ட ஃபில்டரை மாலை ஷிப்ட் ஆள் அறியாமல் உட்காருவது இதில் வரும் பெரிய ஆபத்து. திரை அமைதியாக இருக்கிறது, ஆலை நன்றாக ஓடுகிறது என்று நம்பிவிடுவார். ஆகவே ஃபில்டர் போட்டிருந்தால் பட்டியலின் தலையிலேயே அது பளிச்சென்று தெரிய வேண்டும். எத்தனை அலாரம் மறைந்திருக்கிறது என்ற எண் வேண்டும். லாக்-அவுட் ஆனால் ஃபில்டர் கலைய வேண்டும். உச்ச முன்னுரிமையை எந்த ஃபில்டரும் மறைக்க அனுமதிக்கக் கூடாது.

இரண்டாவது, வழிப்படுத்தல். எந்த அலாரம் எந்த கன்சோலுக்குப் போகும், யார் அக்னாலெட்ஜ் செய்யலாம் என்ற உரிமை. பல அமைப்புகளில் ஒரு ஸ்டேஷனில் அக்னாலெட்ஜ் செய்தால் எல்லா ஸ்டேஷனிலும் மினுக்கல் நின்றுவிடும். இருவருக்கும் ஒரே பட்டியல் போனால் வேலை பாதியாவதில்லை. இருவரும் 275-ஐயும் பார்க்கிறார்கள். இவர் அழுத்தியதை அவர் கவனித்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார். அவர் அழுத்தியதை இவர். கேட்பாரற்ற அலாரம் இப்படித்தான் பிறக்கிறது. ஓர் அலாரத்துக்கு ஒரே உரிமையாளர் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மற்ற கன்சோல்கள் பார்க்கலாம், அழுத்தக் கூடாது. ஆனால் கன்சோல் பழுதானாலோ, ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஏரியாவை ஒருவரே பார்த்தாலோ, உரிமை எங்கே மாறும் என்பதையும் அதே ஆவணத்தில் எழுதியாக வேண்டும். லாக்-இன் செய்யாத ஸ்டேஷனுக்கு மட்டும் போகும் அலாரம் யாருக்கும் போகாத அலாரம்.

ஃபிளேர் போன்ற பொது அமைப்புகள் இங்கேதான் சிக்கலாகின்றன. எல்லா யூனிட்டும் அதில் கொட்டுகின்றன, ஆனால் அது எந்த யூனிட்டின் திரையிலும் மையத்தில் இருப்பதில்லை. ஏரியா வாரியாக அலாரம் பிரிக்கும்போது ஃபிளேர் டிரம், கூலிங் வாட்டர், இன்ஸ்ட்ருமென்ட் ஏர் ஆகியவற்றை முதலில் எடுத்து உரிமையாளரை எழுதிவிட்டுப் பிறகு மற்றதற்குப் போங்கள்.

மூன்றாவது, அடக்கிவைத்தல். அலாரத்தை மூலத்திலேயே, எல்லா ஸ்டேஷனுக்கும் சேர்த்து நிறுத்துவது. ஆபரேட்டர் கையால் சிறிது நேரம் ஒதுக்கி வைப்பது ஷெல்விங். அதற்குக் கால வரம்பு வேண்டும், காரணம் பதிவாக வேண்டும், ஷிப்ட் மாறும்போது பட்டியலைச் சேர்ந்து படிக்க வேண்டும். லாஜிக் மூலம் தானாக அடக்குவது இன்னொரு வகை. கம்ப்ரஸர் ட்ரிப் ஆனால் டிஸ்சார்ஜ் அழுத்தம் குறையும், ஃப்ளோ குறையும். இவை எல்லாம் எதிர்பார்த்தவைதான். ட்ரிப் அலாரம் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மற்றவற்றை அடக்கலாம். மில்ஃபர்ட் ஹேவனைப் போன்ற தடுமாற்றத்தில் வெள்ளத்தை உண்மையாகவே குறைக்கும் சக்தி இந்த ஒரு முறைக்குத்தான் உண்டு.

இதே விபத்து அதன் எல்லையையும் காட்டுகிறது. டிபியூட்டனைசர் வால்வு திறந்திருப்பதாகத் திரை சொன்னது, ஆனால் அது மூடியிருந்தது. 'வால்வு திறந்திருக்கிறது, ஆகவே இந்த லெவல் அலாரத்தை அடக்கு' என்று ஒரு லாஜிக் இருந்திருந்தால், பழுதான அந்தத் தகவலையே நம்பி, காப்பாற்ற வேண்டிய அலாரத்தை அது மூடியிருக்கும். எனவே அடக்கும் லாஜிக்கை ஒற்றைச் சிக்னலின் மீது, குறிப்பாகக் கன்ட்ரோலரின் அவுட்புட் மீது, கட்டவே கூடாது. மோட்டார் நிற்கிறது என்றால் கரண்டும் இல்லை, ஃப்ளோவும் இல்லை என்று இரண்டு தனித்தனிச் சாட்சி வேண்டும். வால்வு திறந்தது என்றால் அதன் வழியே ஓட்டம் இருக்கிறது என்று ஃப்ளோ மீட்டர் சொல்ல வேண்டும். சாட்சிகள் ஒத்துப்போகாவிட்டால், அந்த முரண்பாடுதான் ஆபரேட்டருக்குக் காட்ட வேண்டிய அலாரம்.

ஃபிளேர் டிரம் அலாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால்

அலாரத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கேள்வி கேட்கும் ரேஷனலைசேஷன் கூட்டத்தில் இந்த ஓர் அலாரம் மேசைக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்போம்? காரணம்: யூனிட்டிலிருந்து திரவம் ஃபிளேருக்கு வருகிறது. கவனிக்காவிட்டால்: டிரம் நிரம்பி திரவம் ஃபிளேர் குழாயில் போகும், குழாய் உடையலாம். நடவடிக்கை: இறைப்பை ஸ்லாப்ஸுக்கு மாற்று, வரும் மூலத்தைக் கண்டுபிடி, முடியாவிட்டால் ஃபீடை நிறுத்து. நேரம்: உச்சபட்ச வரத்தில் டிரம் நிரம்ப எத்தனை நிமிடம் என்ற கணக்கு. இந்த நான்கு வரியை எழுதினாலே இது உச்ச முன்னுரிமை என்று தெரிந்துவிடும். மொத்தத்தில் உச்சம் 5 சதவீதம், நடுத்தரம் 15, கீழ்நிலை 80 என்பது வழிகாட்டிகள் சொல்லும் விகிதம். 2040-இல் 5 சதவீதம் என்றால் சுமார் நூறு. அந்த நூறில் ஒன்றாக இது இருந்திருக்கும்.

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். இறைப்புக் குழாயை மாற்றிய அன்றே அந்த நடவடிக்கை மாறிவிட்டது. முன்பு தானாக நடந்ததை இப்போது ஆள் போய்ச் செய்ய வேண்டும். அப்படியானால் அலாரம் அதே எண்ணில் இருந்தாலும் அதற்கான கெடு சுருங்கிவிட்டது. அலாரம் ஒலிக்கத் தொடங்கும் அளவான செட்பாயின்ட்டை இறக்கியிருக்க வேண்டும், முன்னுரிமையை மறுபடி பார்த்திருக்க வேண்டும். எந்தக் குழாய் மாற்றத்தின் படிவத்திலும் 'இதனால் எந்த அலாரத்தின் நடவடிக்கை மாறுகிறது' என்ற ஒரு கேள்வி இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அலாரத்தால் சொல்லவே முடியாத ஒன்றும் இருந்தது. உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று யூனிட் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் திரை அங்கே இல்லை. பகுதி பகுதியான கிராஃபிக்ஸ். டிபியூட்டனைசருக்குள் வரத்தும் வெளியே போக்கும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருந்தால், வால்வு சொல்லும் பொய் சில நிமிடங்களில் வெளிப்பட்டிருக்கும். கன்சோலில் ஒரு திரையை எப்போதும் இந்த ஒட்டுமொத்தப் படத்துக்கே ஒதுக்கி, அதை வேறு எதற்கும் மாற்ற முடியாதபடி பூட்டிவைப்பது நல்ல வழக்கம்.

தொடங்க வேண்டிய இடம்

வந்த அலாரங்களின் பதிவேடான அலாரம் ஜர்னலை ஒரு மாதத்துக்கு எடுத்து, அதிகம் வந்த பத்து டேக்குகளை வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலான ஆலைகளில் மொத்தச் சத்தத்தில் பெரும்பங்கு அந்தப் பத்திலிருந்தே வரும். அவற்றில் பலவும் செட்பாயின்ட்டைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும் அலாரங்கள். டெட்பேண்டும் (செட்பாயின்ட்டிலிருந்து எவ்வளவு திரும்பினால் அலாரம் அணையும் என்ற இடைவெளி) தாமதமும் சரியாக வைத்தாலே அடங்கும். தொடக்க அளவாக ஃப்ளோவுக்கும் லெவலுக்கும் 5 சதவீதம், அழுத்தத்துக்கு 2, வெப்பநிலைக்கு 1 சதவீதம் டெட்பேண்ட். தாமதம் ஃப்ளோ, அழுத்தத்துக்கு 15 நொடி, லெவல், வெப்பநிலைக்கு 60 நொடி. ஆனால் வேகமாக நிரம்பும் சிறிய டிரம்முக்கு 60 நொடி தாமதம் வைக்கும் முன் கையால் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். அதன்பின் முன்னுரிமை, அதன்பின் உரிமை, அதன்பின்தான் பார்வை ஃபில்டர்.

டெக்ஸாக்கோவுக்கும் கல்ஃபுக்கும் நீதிமன்றம் மொத்தம் 2 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. 1997-இல் வெளியான விசாரணை அறிக்கையின் பரிந்துரைகள் திரை வடிவமைப்பு, நீண்ட தடுமாற்றங்களைக் கையாளும் பயிற்சி, ஆபரேட்டர் தாங்கும் அளவுக்கு மட்டும் அலாரம் எனப் பலவற்றைத் தொட்டன. அவற்றில் ஒன்றை அலாரம் வேலை செய்பவர்கள் அடிக்கடி தாண்டிப் போய்விடுகிறார்கள். கன்ட்ரோல் ரூமில் ஒலிக்கும் ஓர் அலாரத்துக்கு ஆபரேட்டர் செயல்படுவார் என்பதையே ஆலையின் இறுதிப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அது. ஃபிளேர் டிரம்மில் திரவம் குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் ஃபீடைத் தானாக வெட்டும் ட்ரிப் ஒன்று இருந்திருந்தால், 25 நிமிடம் முன்பே வந்த அந்த அலாரம், ட்ரிப் வருவதற்குள் யூனிட்டைக் காப்பாற்ற ஆபரேட்டருக்குக் கொடுத்த அவகாசமாக இருந்திருக்கும்.